கைப்பேசிக்குள் ஒரு பேரேடு: வாட்ஸ்அப்பும் தடய அறிவியலும்

நம் சங்க மலருக்கு நான் எழுதுவதென்றால் வழக்கமாகக் கல்வெட்டு, ஓலைச்சுவடி, தொண்டைநாட்டு ஊர்ப்பெயர் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மலர்க்குழு அன்பர்களும் இந்த முறை போன் பண்ணி, "என்ன நயினார், இந்த வருஷமும் வட்டெழுத்துதானா?" என்று கேட்டார்கள். இல்லை, இந்த வருஷம் செல்போன். அதற்குக் காரணம் என் கைக்காசு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய்.

கரியாஹாட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டுச்சேலை வியாபாரம் பண்ணுகிறவன் நான். சரக்கில் பெரும்பகுதி ஆரணியிலிருந்து வருகிறது. அனுப்பும் நெசவு முதலாளிக்கும் எனக்கும் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே கணக்கு உண்டு. பூஜை சீசனுக்கு முன்னால் ஒரு நாள், அவருடைய படம் போட்ட வேறு எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "நயினார், நம்பர் மாத்திட்டேன், சேவ் பண்ணிக்குங்க." சேவ் பண்ணிக்கொண்டேன். நான்கு நாள் கழித்து, ஜி.எஸ்.டி. விஷயமாக வங்கிக் கணக்கும் மாறிவிட்டதாக இன்னொரு செய்தி. அதை அப்படியே கணக்குப்பிள்ளைக்கு அனுப்பி, பணத்தைப் போடச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஆரணியிலிருந்து பழைய எண்ணில் கூப்பிட்டு, "நயினார், பணம் இன்னும் வரலையே, பூஜை டயமாச்சே" என்று அவர் கேட்டபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு மூலம். வீட்டில் தெரிந்தால் அவமானம் என்று அந்த உரையாடல் முழுவதையும் அழித்தேன், எண்ணை பிளாக் பண்ணினேன். "உங்க போனுக்குள்ளே ஆள் பூந்திருக்கான் தாதா, ரீசெட் போடணும்" என்று பழக்கமான ஒருவர் சொன்னதை நம்பி, ரிப்பேர் கடையில் கொடுத்து ரீசெட்டும் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் போன் பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் போலீசுக்குப் போனால், அங்கிருந்த அதிகாரி முதலில் கேட்டது, "சாட் எங்கே?" என்றுதான். "அழிச்சுட்டேன். ஆனா உங்க லேபிலே எடுத்துடுவீங்களே" என்றேன். சினிமாவிலெல்லாம் எடுக்கிறார்களே! அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

ஏன் எடுக்க முடியாது, எப்போது எடுக்க முடியும் என்று தெரிந்துகொள்ளக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் படித்தேன். கோல்பார்க் நூலகத்தில் கொஞ்சம், பேரனின் கம்ப்யூட்டரில் மிச்சம். பள்ளிப்படிப்போடு நின்றவன் நான். ஆனாலும் கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவனுக்கு இந்த வித்தை அவ்வளவு அந்நியமாக இல்லை.

முதலில் நம் வங்காளத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கைரேகைத் தடயம் உலகுக்குப் போனது இங்கிருந்துதான், அதுவும் ஒரு வியாபார ஒப்பந்தத்தில் ஆரம்பித்தது. 1858ல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை தரும் ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்து, ஒப்பந்தத்தின் பின்புறம் பதியவைத்தார். பின்னாளில் "இது என் கையெழுத்தில்லை" என்று அவர் சொல்லக்கூடாதே என்பதற்காக! 1897ல் உலகின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் ஏற்பட்டது. அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள் வகுத்த பாகுபாட்டுக்கு அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் நின்றுபோனது. உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றவருடையது என்பது வியாபாரத்தில் நமக்குப் புதிதல்ல. நம்மவர்களும் பின்தங்கியவர்கள் இல்லை. விஷம் முதலியவற்றைச் சோதிக்கும் ரசாயன ஆய்வகம் சென்னையில் 1849லேயே வந்துவிட்டது, கல்கத்தாவுக்கு 1853ல்தான் வந்தது.

மறுத்தல் என்பதுதான் அன்றும் இன்றும் பிரச்சினை. "நான் அனுப்பவில்லை", "நான் சொன்னது அது இல்லை", "அந்தத் தேதியில் நான் ஊரிலேயே இல்லை." இதற்குப் பதில் தேட இன்று நிபுணர்கள் திறப்பது போனை.

போனுக்குள் என்ன இருக்கிறது? நாம் திரையில் பார்க்கும் பச்சைக் குமிழிகள் வெறும் காட்சி. அவற்றுக்குப் பின்னால் ஒரு பேரேடு இருக்கிறது. எஸ்க்யூலைட் என்பது அதன் வகை. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000ல் உருவாக்கி, யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வாட்ஸ்அப் செய்திகளை இந்த வகைப் பேரேட்டில்தான் வரிசையாகப் பதிந்து வைக்கிறது. யார், யாருக்கு, எந்த நொடியில், என்ன, சேர்ந்ததா, எந்தப் படம், அந்தப் படம் எந்த உறையில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாளக் குறியும் உண்டு. அனுப்பியவர் போனிலும் பெற்றவர் போனிலும் அந்தக் குறி ஒன்றாகவே இருக்கும். ஆகையால் இரண்டு போனையும் எடுத்து, இரண்டு கடைக்காரர்களின் கணக்கைப் போல ஒத்துப் பார்க்கலாம். ஒருவர் தன் பக்கத்தில் ஒரு வரியை நீக்கியிருந்தாலும் மற்றவர் பக்கத்தில் அது நிற்கும்.

பழைய வியாபாரிகளுக்கு இன்னொன்று உடனே புரியும். நாம் எதையும் நேரே பேரேட்டில் ஏற்றுவதில்லை. முதலில் கைச்சிட்டையில் குறித்துக்கொண்டு, கடை சாத்தும் நேரத்தில்தான் ஏற்றுவோம். எஸ்க்யூலைட்டிலும் அப்படி ஒரு கைச்சிட்டை உண்டு. புதிய வரவுகள் முதலில் பேரேட்டின் பக்கத்திலுள்ள தனிக்கோப்பில் விழும், பிறகுதான் உள்ளே ஏறும். அவசரமாகப் பேரேட்டை மட்டும் நகலெடுத்துக்கொண்டு சிட்டையை விட்டுவிட்டால், கடைசி நேரத்துச் செய்திகள் போய்விடும். குற்ற வழக்கில் அந்தக் கடைசி நேரம்தானே வேண்டும்!

சரி, அழித்தது எங்கே போகிறது? பேரேட்டில் ஒரு வரியை அழிக்கும்போது, சாதாரணமாக அந்த எழுத்து உடனே மறைவதில்லை. "இந்த இடம் காலி" என்று ஒரு குறி மட்டும் விழுகிறது. அந்த இடத்தில் வேறு எழுத்து ஏறும் வரைக்கும் பழைய மை அங்கேயே கிடக்கும். ஓலையில் மசி தடவாத எழுத்தைப் போல, பார்க்கத் தெரிந்தவன் பார்ப்பான். இதனால்தான் அழித்த செய்திகளை நிபுணர்கள் மீட்பதாகக் கேள்விப்படுகிறோம். ஆனால் புதிய செய்திகள் வந்துகொண்டே இருந்தால் அந்தக் காலியிடம் நிரம்பிவிடும். அழிக்கும்போதே மேலே பூசி மறைத்துவிடும் ஏற்பாடும் உண்டு. சில செயலிகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆகவே "அழித்தாலும் எடுத்துடுவாங்க" என்பதும் தவறு, "அழிச்சா போச்சு" என்பதும் தவறு. எவ்வளவு சீக்கிரம் போனை ஓய்வாக வைத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் செய்த ரீசெட் வேறு ஜாதி. ஆண்ட்ராய்டு 10 முதல், அதோடு வெளிவரும் புதிய போன்களில் உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாம் மறைகுறியாக்கம் செய்தே வைக்கப்பட வேண்டும் என்பது விதி. பூட்டிய பெட்டிக்குள் ஏடு. ரீசெட் போடும்போது அந்தப் பெட்டியின் சாவி அழிக்கப்படுகிறது. மை உள்ளே மிச்சமிருந்தாலும், அதை எழுத்தாக்க இனி எந்த ஆய்வகத்தாலும் ஆகாது. நம் ஊரில் 1957 முதல் இருக்கும் மத்திய தடய அறிவியல் ஆய்வகமானாலும் சரி, பெரிய பெரிய இஸ்ரேல் கருவியானாலும் சரி. அந்த அதிகாரி பேனாவை மூடியதன் அர்த்தம் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் விளங்கியது.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து, ஏழு நாள் வரைக்கும் வைத்திருக்கிறது. அந்த நகலும் பூட்டியதுதான், அதைத் திறக்கச் சாவி வேண்டும். நான் ஏழு நாளுக்குள் போயிருந்தும், ரீசெட்டில் அதுவும் சேர்ந்தே போனது. கம்பெனியிடம் கேட்கலாமே என்பார்கள் சிலர். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் இரு முனைகளுக்கு மட்டுமே திறக்கும் பூட்டு. சேர்ந்துவிட்ட செய்தியைக் கம்பெனி தன் சர்வரில் வைத்துக்கொள்வதில்லை; சேராத செய்தி மட்டும் 30 நாள் காத்திருக்கும். எந்த எண், எப்போது பதிவானது, எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது போன்ற விவரங்களை விசாரணை அதிகாரி முறைப்படி கேட்டுப் பெறலாம், உள்ளடக்கம் கிடைக்காது. டெலிகிராமின் சாதாரண உரையாடல் அப்படியல்ல, அது கம்பெனி சர்வரிலேயே இருக்கிறது. எல்லாச் செயலியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

இனி நேரம். இதில்தான் கெட்டிக்காரர்களும் சறுக்குவார்கள். பேரேட்டில் "கார்த்திகை முதல் தேதி காலை" என்றெல்லாம் எழுதியிருக்காது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி கடந்தது என்று ஒரே எண்ணாக இருக்கும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் அதையும் ஆயிரத்தால் பெருக்கி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. உதாரணத்துக்கு 1700000000 என்ற எண். கிரீன்விச் கணக்கில் அது 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 நொடி. நமக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். நவம்பர் 15, அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடி ஆகிவிடும். கூட்ட மறந்தால் நாளே மாறிப்போகும். "அன்றைக்கு நான் ஊரில் இல்லை" என்பவர் ஒருவேளை உண்மை சொல்பவராகவும் இருக்கலாம்! ஐபோன் வாட்ஸ்அப்போ 2001 ஜனவரி 1லிருந்து எண்ணுகிறது. அதே நொடி அங்கே 721692800 என்று இருக்கும். கலியுகம், சகம், கொல்லம் என்று கல்வெட்டில் ஆண்டுக்கணக்கு மாற்றிப் பழகியவனுக்கு இதைப் படித்தபோது பழைய நண்பனைப் பார்த்தது போலிருந்தது.

படங்களிலும் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப் வழியாக வந்த படக்கோப்பின் பெயரில் எட்டு இலக்கத் தேதி ஒன்று இருக்கும், பிறகு டபிள்யூ.ஏ. என்று ஒரு வரிசை எண். பலபேர் அதைப் படம் பிடித்த தேதி என்று நினைக்கிறார்கள். அது வாட்ஸ்அப் வழியே அந்தப் போனுக்குள் வந்த தேதி. கேமரா எழுதும் மூலத்தேதியும் இடக்குறிப்பும் படமாக அனுப்பும்போது உதிர்ந்துவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் மட்டும் தங்கும்.

போன் கையில் கிடைத்ததும் நிபுணர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் காரியம், அதை உலகத்திலிருந்து துண்டிப்பது. தொடர்பு இருந்தால் தூரத்தில் இருப்பவன் ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். விமான நிலையில் வைக்கிறார்கள், அலையை உள்ளே விடாத ஃபாரடே பையில் போடுகிறார்கள். திறந்திருக்கும் போனை அணைக்கவும் அவசரப்பட மாட்டார்கள். ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்த போன், கடவுச்சொல் போடும் வரை தன் பூட்டுகளில் பெரும்பாலானவற்றைத் திறக்காது. பிறகு நகல். மேலோட்டமாகப் போன் தரச் சம்மதிப்பதை மட்டும் எடுப்பது ஒருவகை, கோப்பு அடுக்கு முழுவதையும் எடுப்பது ஆழமான வகை, சிப்பையே பெயர்த்து எடுப்பது கடைசி வழி. பூட்டிய போன்கள் வந்தபின் சிப்பைப் பெயர்ப்பதில் முன்போல் பயனில்லை.

நகல் எடுத்ததும் ஹாஷ் மதிப்பு என்ற ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். இதை நான் என் கணக்குப்பிள்ளைக்குப் புரியவைக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதைப் பிழிந்து ஒரே நீளமுள்ள குறியாக்குவது, எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அது 64 எழுத்து. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் 64ம் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். ஹெர்ஷல் எடுத்த உள்ளங்கைப் பதிவு மாதிரி, கோப்புக்கே ஒரு கைரேகை. பறிமுதல் செய்த அன்று எழுதிவைத்த குறியும் நீதிமன்றத்தில் மறுபடி கணக்கிட்ட குறியும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம்.

சட்டமும் இதை இப்போது எழுத்தில் கேட்கிறது. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற 65பி பிரிவு 2000லேயே வந்துவிட்டாலும், அது கட்டாயமா இல்லையா என்று பல வருஷம் இழுபறி. 2014ல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்றது, 2018ல் இன்னொரு அமர்வு கொஞ்சம் தளர்த்தியது, 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூவர் அமர்வு மறுபடி கட்டாயம் என்று முடித்துவைத்தது. அந்த மூவரில் ஒருவர் நம் தமிழரான நீதியரசர் வி. ராமசுப்பிரமணியன். 2024 ஜூலை 1 முதல் 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்திருக்கிறது. அதன் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்றைச் சான்றைத் தருபவரும் மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பையும் அது எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் எழுத அதில் இடமே விட்டிருக்கிறார்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அது போதாதா என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். புகார் கொடுக்கப் பயன்படும், அதனால் எடுத்து வையுங்கள். ஆனால் பொய்யான உரையாடலைப் படமாகச் செய்துதரவே தனிச் செயலிகள் இருக்கின்றன. ஆகையால் எதிராளி மறுத்தால் படத்துக்குப் பின்னால் அந்த மூலப் போனும் வேண்டும். வாட்ஸ்அப் செய்தி என்பது எழுத்தில் நடக்கும் வாய்ப்பேச்சு மாதிரி, அதன் பொருளும் உள்ளடக்கமும் விசாரணையில் சாட்சி மூலம் நிரூபிக்கப்பட வேண்டியது என்று 2020 ஜனவரியில் அம்பாலால் சாராபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. அதுவும் வியாபாரத் தகராறுதான்.

பகிர்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை 2018ல் முகநூலில் பகிர்ந்து, பிறகு நீக்கியும்விட்ட எஸ்.வி. சேகருக்கு 2024ல் சென்னை நீதிமன்றம் ஒரு மாதச் சிறை விதித்தது. நடுவே 2023ல் வழக்கை ரத்து செய்ய மறுத்த உயர் நீதிமன்றம், அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து விடுபட்ட அம்புக்கு ஒப்பிட்டது.

தடயம் எப்போதும் நம் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் நடந்த கொடுமையை நினைத்தால் நம் ஊர்க்காரர் யாருக்கும் இன்றும் மனம் ஆறாது. அங்கே கிடந்த ஒரு புளூடூத் இயர்போன் சந்தேக நபரின் போனோடு தானாகவே இணைந்தது, கண்காணிப்புக் கேமராப் பதிவோடு சேர்ந்து ஒரு கண்ணியானது. 2025 ஜனவரியில் சியால்டா நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. இது ஒரு பக்கம். மறுபக்கம், பீமா கோரேகாவ் வழக்கில் கைதானவர்களின் கணினிகளை ஆராய்ந்த ஆர்செனல் என்ற அமெரிக்க நிறுவனம், வெளியிலிருந்து யாரோ கோப்புகளை உள்ளே திணித்திருக்கிறார்கள் என்று 2021ல் அறிக்கை தந்தது. நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியின் கணினியிலும் அப்படியே என்று 2022 டிசம்பரில் அறிக்கை வந்தது. அவர் 2021 ஜூலையிலேயே, 84 வயதில், காவலில் இருக்கும்போதே இறந்துவிட்டார். விசாரணைத் தரப்பு அந்த முடிவுகளை ஏற்கவில்லை. ஹாஷ் குறி சொல்வது பறிமுதலுக்குப் பிறகு யாரும் தொடவில்லை என்பதை மட்டும்தான். பறிமுதலுக்கு முன்னால் உள்ளே யார் எழுதினார்கள் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லப் பேரேட்டை வரிவரியாகப் படிக்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரமும் சுதந்திரமும் வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். கணக்குப்பிள்ளை போனில் நான் அனுப்பிய அந்த வங்கிக் கணக்கு விவரம் அப்படியே இருந்தது. நாங்கள் மகிழ்ந்து போய்க் காட்டினோம். ஆனால் பகிர்ந்த செய்தி, பகிர்ந்தவனைக் காட்டுமே தவிர முதலில் எழுதியவனைக் காட்டாது. அந்தப் போன்படி மோசடிக் கணக்கைக் கொடுத்தவன் நான்! அதிகாரி நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். வங்கியின் பரிவர்த்தனை எண்தான் கடைசியில் உதவியது. பணம் போன தடத்தைப் பின்பற்றியபோது நான்கு கணக்கு தாண்டிச் சிதறியிருந்தது. ஒன்றில் மிச்சமிருந்த இருபத்திரண்டாயிரத்தை முடக்கி, பிறகு நீதிமன்ற உத்தரவோடு எனக்குத் திருப்பித் தந்தார்கள். பணம் போட்ட அன்றே ஆரணிக்கு ஒரு வார்த்தை கேட்டு, 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால் முதல் கணக்கிலேயே நிறுத்தியிருக்கலாம் என்றார்கள். நான் கூப்பிட்டது ஒன்பதாம் நாள்.

ஆரணி முதலாளி பாதிச் சரக்கைக் கடனாகவே அனுப்பிவைத்தார், பூஜை வியாபாரம் எப்படியோ நடந்தது. இப்போது கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பழைய எண்ணில் கூப்பிட்டு, அவர் தகப்பனார் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன நிறச் சேலை கொடுத்தார் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் போடுகிறேன். அவரும் சளைக்காமல் பதில் சொல்கிறார். ரீசெட் போட்ட அந்தப் போன் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறது. பேரன் கேட்டுப் பார்த்தான், கொடுக்கவில்லை.